கேள்வி – பதில்: உப்புத்தாள் பிரின்ட்

இங்க்ஜெட் பிரின்டரில் ஒளி ஊடுருவும் ஷீட்டில் நெகட்டிவ் எடுத்து, உப்பும் வெள்ளியும் பூசிய தாள்மேல் வைத்து, மொட்டை மாடி வெயிலில் சால்ட் பிரின்ட் போடுகிறேன். ஃபிரேமில் பார்க்கும்போது அருமை. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டதும் வெளிறிவிடுகிறது. கூடுதல் நேரம் வெயிலில் வைத்தால் வெள்ளைப் பகுதி அழுக்காகிறது.
– வாசகர், தண்டையார்பேட்டை

ஹைப்போ மேல் தப்பில்லை, நெகட்டிவ் மெலிவு. இருட்டறையில் பயன்படும் புரோமைடு பேப்பருக்கு நெகட்டிவ்வின் மிகக் கறுத்த இடத்துக்கும் மிகத் தெளிந்த இடத்துக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் 1.1 இருந்தால் போதும், உப்புத்தாளுக்கு 1.8-க்குக் குறையக்கூடாது. அதுவும் புற ஊதாக் கதிருக்கு எதிரான அடர்த்தி. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மை வெயிலைத் தடுக்கும் என்பது நிச்சயமில்லை. டை மையை விட்டு பிக்மென்ட் மைக்கு மாறுங்கள். சில பிரின்டர்களில் கறுப்பைவிடப் பச்சை கலந்த மஞ்சள்தான் நன்றாகத் தடுக்கிறது. பல நிறக் கட்டங்களை ஒரே ஷீட்டில் அச்சிட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

பிறகு நேரம். மை இல்லாத வெறும் ஷீட்டைத் தாள்மேல் வைத்து, நிமிடத்துக்கு ஒரு பட்டையாக வெயில் காட்டுங்கள். எந்த நிமிடத்துக்குப் பிறகு கறுப்பு மேலும் ஆழமாகவில்லையோ அதுவே உங்கள் நேரம். அதை மாற்றாமல், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிக்கட்டங்களை அச்சிட்டு, அதிலிருந்து கர்வ் (நெகட்டிவ்வின் சாயல்களைக் கணினியில் திருத்தும் வளைகோடு) போடுங்கள். கர்வ் போடாமல் வெயிலோடு மல்லுக்கட்டுவது வீண். ஹைப்போவில் வெளிறுவது இயல்பு, ஆகவே ஃபிரேமில் படம் வேண்டியதைவிடக் கறுத்துத் தெரிந்தால்தான் சரி.

சில்வர் நைட்ரேட் கரைத்ததுமே பால் மாதிரி ஆகிவிட்டது. கேன் தண்ணீரில்தான் கரைத்தேன். பிரின்ட்டில் கரும்புள்ளி, நெகட்டிவ்விலும் பழுப்புத் திட்டு.
– வாசகி, ராயபுரம்

மூன்றும் வெவ்வேறு கோளாறு.

கேன் தண்ணீரிலும் குளோரைடு உண்டு. அது வெள்ளியைப் பிடித்து வெண்படிவாக்கிவிடும். அந்தக் கரைசல் வீண். டிஸ்டில்ட் வாட்டரையே வாங்குங்கள். பேட்டரிக் கடையில் வாங்கினாலும் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள்: கலங்கினால் வேண்டாம். 100 மில்லிக்கு 12 கிராம் சில்வர் நைட்ரேட், 5 கிராம் சிட்ரிக் அமிலம். சிட்ரிக் அமிலம், பூசிய தாள் சீக்கிரம் மஞ்சளாவதைத் தள்ளிப்போடும்.

கரும்புள்ளிக்குப் பெரும்பாலும் இரும்பு காரணம். தகரப் பட்டை போட்ட பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள்.

திட்டு, ஈரத்தால். கடற்கரைக் காற்றில் பூசிய தாள் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அது நெகட்டிவ்வின் மையில் ஒட்டி வெள்ளியை ஏற்றிவிடும். மங்கலான மஞ்சள் பல்பு அறையில் ஃபேனுக்கடியில் காயவிட்டு, கடைசியில் ஹேர் டிரையரை வெதுவெதுப்பில் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் போதாது. இடையில் 25 மைக்ரான் பாலியெஸ்டர் ஷீட் ஒன்று வைக்க வேண்டும். கொஞ்சம் கூர்மை குறையும், நெகட்டிவ் பிழைக்கும். பூசிய தாளை அன்றைக்கே அச்சிட்டுவிடுங்கள்.

சமையல் உப்பு போதுமா? எவ்வளவு?
– வாசகர், வியாசர்பாடி

அயோடின் சேர்க்காத உப்பு போதும். ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் 8 கிராம் ஜெலட்டினைக் கால் மணி நேரம் ஊறவைத்து, 40 டிகிரிக்குச் சூடாக்கிக் கரைத்து, 20 கிராம் உப்பைச் சேருங்கள். தாளை இரண்டு நிமிடம் முக்கி, தொங்கவிடுங்கள். கால்சியம் கார்பனேட் கலந்த தாள் வேண்டாம். உப்பை அள்ளிப் போட்டால் தாள் மந்தமாகும். வெள்ளிதான் மிஞ்சி நிற்க வேண்டும். இந்த முறையைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர் டால்பட் 1830-களில் தன் ஆரம்பப் படங்கள் மேலும் கறுக்காமல் நிறுத்தப் பயன்படுத்தியதே அடர்ந்த உப்புக் கரைசலைத்தான்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் கரிக்கும். அதில் கழுவலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

வேடிக்கை என்னவென்றால், முதல் கழுவலுக்கு உப்புத்தான் தேவை. ஆனால் போர் தண்ணீரில் இரும்பும் இருக்கலாம், அது கறைபடுத்தும். கேன் தண்ணீரில் லிட்டருக்கு 30 கிராம் உப்பும் 3 கிராம் சிட்ரிக் அமிலமும் போட்டு, பால் வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பிறகு ஒரு முறை வெறும் தண்ணீர். அடுத்து ஹைப்போ: லிட்டருக்கு 150 கிராம், கூட 2 கிராம் சலவை சோடா. இரண்டு தட்டு, தட்டுக்கு நான்கு நிமிடம். முதல் கழுவல் நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வாளியில் விட்டால் வெள்ளி குளோரைடு அடியில் படியும், சேர்த்து வையுங்கள். சில்வர் நைட்ரேட்டைக் கையாளும்போது கையுறை மறந்தால் விரல் கறுப்பு பல நாள் போகாது. பாதுகாப்புக் கண்ணாடி மறந்தால் கண்ணுக்கே ஆபத்து.