குடலைக் கழுவினால் உடம்பு லேசாகுமா?

கேள்வி: எனக்கு வயது 42. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது, அதுவும் முக்கினால்தான். சில மாதங்களாகச் சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. காலையில் எழும்போதே அசதி. உடன் வேலை பார்க்கும் தோழி 'கோலன் ஹைட்ரோதெரபி' செய்துகொண்டாள். உடம்பு இறகு மாதிரி ஆகிவிட்டது, எடைகூடக் குறைந்தது என்கிறாள். அந்த மையத்தில் விசாரித்தேன். பல வருடங்களாகக் குடல் சுவரில் ஒட்டியிருக்கும் கழிவு முழுதாக வெளியேற ஆறு தடவை செய்ய வேண்டும் என்றார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். மற்றபடி நோய் எதுவும் இல்லை. செய்துகொள்ளலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் தோழி பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு உடம்பு லேசானது நிஜம்தான். அதற்கு அந்த மையத்தில் சொல்லும் காரணம்தான் தப்பு.

அங்கே நடப்பது இதுதான். படுக்கவைத்து ஆசனவாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்துவார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பெருங்குடலுக்குள் போகும். வயிறு முட்டும்போது இன்னொரு குழாய் வழியாக மலத்தோடு சேர்ந்து வெளியே வரும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் இப்படியே நிரப்புவதும் வடிப்பதுமாக நடக்கும். ஒரே தடவையில் 60 லிட்டர் வரைகூடத் தண்ணீர் போய்வரலாம். மலச்சிக்கலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் எனிமாவோடு இதை ஒன்றாக நினைக்காதீர்கள். அது சின்ன அளவு. ஒரு தேவைக்காக ஒருமுறை கொடுப்பது.

சரி, அந்தப் 'பல வருடக் கழிவு'க்கு வருவோம். குடலைச் சாக்கடைக் குழாய் மாதிரி கற்பனை செய்துகொள்வதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது. குழாய் என்றால் பாசி பிடிக்கும், அடைக்கும், அடித்துக் கழுவ வேண்டும். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, சதா சுருங்கி விரிகிற தசை. அதன் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்து, புதிய செல்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. அவற்றின் மேல் வழவழவென்று ஒரு சளிப்படலம் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. சுவரே வாரத்துக்கு வாரம் புதிதாகும்போது, பத்து வருட அழுக்கு எதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்?

பயிற்சிக் காலத்தில், கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலுக்குள் பார்க்கும் கோலனோஸ்கோபி அறையில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். முந்தின நாள் பேதி மருந்து குடித்துவிட்டு வந்தவர்களின் குடல்தான் திரையில் தெரியும். கீழுதட்டைத் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள். ஏறக்குறைய அதே ஈரமான இளஞ்சிவப்பு, அதே மெல்லிய ரத்தக் குழாய்கள். காலமெல்லாம் மலச்சிக்கலோடு இருந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. முதியவர்கள் சிலருக்கு மலக்குடலில் மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொள்வது உண்டு, மறுக்கவில்லை. அது பாதையை மறித்து நிற்குமே தவிர, சுவரில் பூச்சாகப் படிவதில்லை.

'நானே கண்ணால் பார்த்தேன் டாக்டர்' என்று ஒருவர் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினார். ரப்பர் கயிறு மாதிரி, கரும்பச்சையாக, குடலின் வடிவத்திலேயே முறுக்கிக்கொண்டு ஒரு சாமான். பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அதற்கு முந்தைய வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். குடலைச் சுத்தப்படுத்த என்று ஒரு பொடி கொடுத்திருந்தார்கள்: இசப்கோல் உமியும் பென்டோனைட் என்ற களிமண்ணும் கலந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் இசப்கோல் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், கூழாகக் கெட்டியாகிவிடும். அதோடு களிமண்ணும் சேர்ந்து, குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, குடலையே அச்சாக வைத்து வார்த்த கயிறு அது. அவர் உடம்பில் பழைய அழுக்கு எதுவும் இருக்கவில்லை. பொடியாக உள்ளே போனதுதான் கயிறாக வெளியே வந்திருக்கிறது.

மலம் உள்ளே தங்கினால் அதன் நஞ்சு ரத்தத்தில் ஏறும் என்ற எண்ணத்தை மருத்துவர்களும் ஒரு காலத்தில் நம்பினார்கள். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுக்கும் அளவுக்குப் போனார். 1919இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வாரெஸ் இதைக் கேள்வி கேட்டார். மலச்சிக்கலால் தலைவலியும் மந்தமுமாக இருப்பவர் மலம் கழித்த அடுத்த சில நிமிடங்களிலேயே தெளிந்துவிடுகிறாரே, எப்படி? நஞ்சு ரத்தத்தில் கலந்திருந்தால் அது இறங்க நேரம் ஆகாதா? போதை அப்படியா உடனே தெளிகிறது? அந்தக் காலகட்டத்திலேயே மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். அதே தலைவலி, அதே மந்தம் வந்தது. பஞ்சை எடுத்ததும் போய்விட்டது. பஞ்சில் என்ன நஞ்சு? மலக்குடல் விரிந்து இழுபடுவதால் நரம்புகள் வழியாக வரும் தொந்தரவுதான் எல்லாம்.

உங்கள் தோழியின் இறகுக் கதைக்கும் விளக்கம் இதுதான். இழுபட்டுக் கிடந்த குடல் காலியாகியிருக்கிறது. போதாததற்கு ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் படுத்திருக்கிறாள், அந்த வாரம் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருப்பாள். எடை குறைந்தது என்றால், அது வெளியேறிய மலத்தின் எடை. சாப்பாட்டின் சத்தெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலைக் கழுவிக் கொழுப்பைக் குறைக்க வழியில்லை. இரண்டு மூன்று நாளில் குடல் மறுபடி நிரம்பும், நிரம்பத்தான் வேண்டும். 'ஆறு தடவை' எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. குடலில் உண்டாகும் அம்மோனியா போன்றவை நேரே கல்லீரலுக்குப் போய் அங்கே செயலிழக்கின்றன. கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தடுமாறி மூளை வரைக்கும் பாதிக்கும். அது மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டிய நோய், உங்கள் அசதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று: பெருங்குடலில் இருப்பது வெறும் கழிவு இல்லை. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கே தீனி போடும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் அங்கே குடியிருக்கின்றன. கழுவுகிற தண்ணீர் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. பெரும்பாலும் அவை சில வாரங்களில் திரும்பிவிடும் என்பது ஆறுதல்.

பயன் இல்லை என்பதோடு முடிந்தால்கூட 'ஆசைக்கு ஒருமுறை செய்துபாருங்கள்' என்றிருப்பேன். ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1970களின் கடைசியில் ஒரு சிகிச்சை மையத்தில் இப்படிக் குடல் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று வந்தது. கருவி சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. ஒருவரின் மலக்கிருமி அடுத்தவருக்குள் போனது. பத்துப் பேருக்குப் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று, அவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள். இப்போது ஒருமுறை பயன்படுத்தி எறியும் குழாய்கள் வந்துவிட்டன, சரி. ஆனால் குழாயின் முனையோ தண்ணீரின் அழுத்தமோ குடலைக் கிழித்துவிடும் அபாயம் அப்படியேதான் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் கிழிந்தால் அவசர அறுவை சிகிச்சை. காபி டிகாக்‌ஷனை உள்ளே ஏற்றும் எனிமாவால் குடல் வெந்துபோனவர்களும் உண்டு. மூலம் முற்றியவர்கள், குடல் புண், குடல் அழற்சி உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள், இதய, சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கூடுதல் கவலை அந்த ரத்த அழுத்த மாத்திரை. பெருங்குடலின் முக்கிய வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. உள்ளே விடும் வெறும் தண்ணீரில் ஒரு பங்கு உடம்பில் ஏறும், உடம்பின் உப்பில் ஒரு பங்கு வெளியே போகும். ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அதைச் சாப்பிடுபவர்களுக்கு ஏற்கெனவே ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறையும் வாய்ப்பு அதிகம். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் தலைசுற்றல், குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவுவது மருத்துவத்திலேயே இல்லையா என்றால், இருக்கிறது. தண்டுவடத்தில் அடிபட்டு, மலம் கழிக்கும் உணர்வே போய்விட்டவர்களுக்கு அதற்கென்று ஒரு கருவியைக் கொடுத்து, வீட்டிலேயே செய்துகொள்ளக் கற்றுத்தருகிறோம். அவர்களுக்கு அது பெரிய வரம். குடல் தானாக வேலை செய்யும் உங்களுக்குத் தேவையில்லை.

இனி உங்கள் வயிற்றுக்கு வருவோம். ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புக்குள் அடங்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை போவது பிரச்சினையில்லை. முக்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை. காலையில் சாப்பிட்டதும் குடல் தானாக ஒரு தடவை சுருங்கும். அந்த நேரத்தில்தான் நீங்கள் வேலைக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அழைப்பை அடக்கி அடக்கி வைத்தால் மலக்குடல் அழைப்பதையே நிறுத்திவிடும். காலை உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேலைநாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். மலக்குடலை மடக்கிப் பிடித்திருக்கும் தசை அந்த நிலையில் நன்றாகத் தளரும்.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25, 30 கிராம் வேண்டும். நாளைக்கே அத்தனையையும் சாப்பிட்டால் உப்புசம் இரண்டு மடங்காகி என்னைத்தான் திட்டுவீர்கள். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இசப்கோல் எடுத்தால் நிறையத் தண்ணீரோடு எடுங்கள். அதுவும் போதாவிட்டால் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் மாதிரி மருந்துகள் இருக்கின்றன. மலத்தை இளக்குபவைதான், டாக்டர் சொல்லும் அளவில் பயமில்லாமல் எடுக்கலாம்.

அசதியைத் தனியாக விசாரிக்க வேண்டும். அசதி, மலச்சிக்கல், உப்புசம் மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தைராய்டு. 42 வயதில் மாதவிடாய் அதிகமாகப் போகிறதென்றால் ரத்தசோகை. ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். உப்புசம் சில மாதங்களாகத்தான், அதுவும் திரும்பத் திரும்ப என்பதால் ஒரு வயிற்று ஸ்கேனும் எடுப்பது நல்லது; சினைப்பைக் கோளாறுகள் இப்படி வயிற்று உபாதை வேடத்தில் வருவதுண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்த மாத்திரைகளில் வெராபமில் மலத்தை இறுக்குவது சகஜம், அம்லோடிபின் சிலருக்கு, சிறுநீர் பெருக்கும் மருந்துகளும் அப்படித்தான். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அதை ஆரம்பித்த மாதமும் வயிறு மக்கர் செய்ய ஆரம்பித்த மாதமும் ஒன்றா என்று மட்டும் யோசித்துவைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.