உயர் அழுத்த மின்சாரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது ஆபத்தா?

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்று பார்த்திருக்கிறீர்கள், விலையும் ஒத்துவருகிறது, ஆனால் படுக்கையறைக்கு நேர் கீழே துணை மின்நிலையம். உயர் அழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் புற்றுநோய் வரும் என்று ஊரில் சொல்கிறார்கள், கைக்குழந்தை வேறு இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

நான் ஈசூனில் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். கீழே அதே மாதிரி மின்நிலையம்தான். நான்கு மொழியில் எச்சரிக்கைப் பலகை, அதில் தமிழில் 'அபாயம்'. என் மகன் எழுத்துக் கூட்டி முதலில் வாசித்த தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. என் வேலையும் நிலத்தடிக் கேபிள் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் மின்சாரம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் ஓடுகிறது. 400, 230, 66 கிலோவோல்ட் என்று படிப்படியாக இறங்கி, புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) பக்கம் வரும்போது 22 அல்லது 6.6 கிலோவோல்ட் ஆகிவிடும். கீழ்த்தள டிரான்ஸ்ஃபார்மர் அதை வீட்டுக்கு வேண்டிய 230 வோல்ட்டுக்குக் கொண்டுவருகிறது. ஊரில் வானத்தில் தெரிவது இங்கே காலடியில் போகிறது, அவ்வளவுதான். சுமார் 60 மீட்டர் ஆழத்தில் கேபிளுக்கென்றே சுரங்கங்கள்கூட இருக்கின்றன.

இந்த மின்சாரத்திலிருந்து வருவது இரண்டு: மின்புலம், காந்தப்புலம். மின்புலத்தைச் சுவரும் மண்ணும் கேபிளின் உலோக உறையும் தடுத்துவிடும். காந்தப்புலத்தைச் சுவர் தடுக்காது, ஆனால் தள்ளிப்போகப் போக அது வேகமாகக் குறையும். இரண்டுமே எக்ஸ்ரே மாதிரி உயிரணுவின் மரபணுவை உடைக்கும் வகை இல்லை.

அப்படியானால் புற்றுநோய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஓர் ஆய்விலிருந்து. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டில் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் காந்தப்புலம் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அதை வைத்து 2002இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் இதைச் சேர்த்தது. ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. (ஊறுகாய் பாட்டிலோடு வந்திறங்கும் என் மாமியாரிடம் இதை நான் சொல்லவில்லை.) பிரிட்டனில் 2005இல் வந்த ஆய்வு, மின்கம்பியிலிருந்து 200 மீட்டருக்குள் பிறந்த குழந்தைகளிடம் இந்தக் கூடுதலைக் காட்டியது. அதையே நீட்டித்து 2014இல் பார்த்தபோது, 1980களுக்குப் பிறகு பிறந்தவர்களிடம் அது காணவில்லை. கம்பிதான் காரணம் என்றால் கம்பி இருக்கும்போதே அந்தக் கூடுதல் எப்படி மறைந்தது? எனக்கு இதுதான் பெரிய ஆறுதல்.

மனைவி இரண்டாவது முறை கருவுற்றிருந்தபோது எனக்கும் உதறல்தான். சைட் எஞ்சினியரிடம் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். படுக்கையறைத் தரையில் 0.6 மைக்ரோடெஸ்லா, கட்டில் உயரத்தில் 0.2. ஹேர்டிரையரை ஓடவிட்டுப் பக்கத்தில் பிடித்தால் 12. பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200. கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன், மனசு சமாதானம் ஆனது. உண்மையான தொந்தரவு வேறு: நடுராத்திரியில் அந்த 'ம்ம்ம்' சத்தம். வாங்குவதற்கு முன் ராத்திரி பதினோரு மணிக்குப் போய் அறைக்குள் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அது பொறுக்கும் என்றால் வாங்கலாம்.

சரி, ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. தொடுவதிலும் நெருங்குவதிலும் இருக்கிறது. கேபிள் இருக்கும் இடத்தில் தோண்டுவதற்கு முன் உரிமம் பெற்றவர் கருவி வைத்துக் கண்டறிய வேண்டும், பிறகு கையால் சோதனைக் குழி போட வேண்டும். 66 கிலோவோல்ட்டோ அதற்கு மேலோ உள்ள கேபிளைச் சேதப்படுத்தினால் பத்து லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. ஒரு சைட்டில் வரைபடப்படி கேபிள் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். 'டங்' என்று சத்தம். கேபிளுக்கு மேல் போடும் காங்கிரீட் பலகை. மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரலால் மண்ணை விலக்கி, "அண்ணே, இங்கனயே இருக்கு" என்றார். எக்ஸ்கவேட்டரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஊரில் மனை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. என் மச்சான் தஞ்சாவூர் பக்கம் பார்த்த மனைக்கு ஓரமாக 110 கிலோவோல்ட் லைன் போகிறது. அதற்கு 22 மீட்டர் அகலத்துக்குக் கட்டடம் இல்லாமல் இடம் விட வேண்டும், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 11 மீட்டர். நாடா பிடித்து அளந்து பார்த்து, அதற்கு வெளியே வீடு கட்டச் சொன்னேன். கட்டினார். ஆனால் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றில் தாவிவிடும். கூரை போடும் நாளில் கம்பி கட்டுகிறவர் நாற்பதடி இரும்புக் கம்பியை லைன் பக்கமாக நிமிர்த்தப் போயிருக்கிறார். அக்கா போட்ட கூச்சல் எனக்கு இங்கே வாட்ஸ்அப்பில் கேட்டது.