ஆல் வீல் டிரைவ் செடான் வாங்கலாமா? கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் பவர் போற செடான் பத்தித்தான். எஸ்யூவில ஏறி இறங்க பெரியவங்களால முடியல, ஆனா வழுக்குற ரோட்டுலயும் பயப்படாம போகணும்னு நினைக்கிற குடும்பங்க நிறைய இருக்கீங்க போல. நல்ல யோசனைதான். நேரா கேள்விக்குப் போயிடுவோம்.

நாங்க நாலு பேர். பனி கிடையாது, மழை உண்டு, போற வர்ற ரோடெல்லாம் தார் ரோடு. ஆல் வீல் தேவையா?

தேவையில்ல. அந்தக் காசுல ஒரு பங்க எடுத்து மழைக்கு நல்லா பிடிக்கிற டயரா நாலு போடுங்க, போதும்.

நல்ல ஆல் வீல் மிட்சைஸ் செடான் ஒண்ணு சொல்லுங்க.

கடிதமே இவ்ளோதான். எங்க வலிக்குதுன்னு சொல்லாம மருந்து கேட்டா டாக்டர் என்ன பண்ணுவாரு? எத்தன பேர் உக்காருவீங்க, என்ன ரோடு, புதுசா பழசா, வருஷத்துக்கு எத்தன ஆயிரம் கி.மீ. ஓட்டுவீங்க, இதெல்லாம் எழுதினாத்தான் நான் எதாவது உருப்படியா சொல்ல முடியும். சரி, மத்தவங்களுக்கும் ஆகும்னு வகையை மட்டும் சொல்றேன்.

முதல் வகை, சுபரு லெகசி மாதிரி. அதுல பின் சக்கரத்துக்கு எப்பவுமே பவர் போயிட்டே இருக்கும், வழுக்கின பிறகு முழிச்சுக்கிற வேலை கிடையாது. ஆனா 2025 மாடலோட நிறுத்திட்டாங்க, இனிமே அது பழைய வண்டி மார்க்கெட்டுலதான். ரெண்டாவது வகை, சாதாரணமா முன் சக்கரம் இழுக்கும், தேவைன்னா, பின் சக்கரத்த இணைச்சு விடுற கப்ளிங்குக்குள்ள இருக்குற கிளட்ச் அழுத்திப் பிடிச்சு பின்னாடிக்கும் பவர் அனுப்பும். நிசான் ஆல்ட்டிமா, கியா கே5, ஹூண்டாய் சொனாட்டா, ஃபோக்ஸ்வேகன் பஸாட் 4மோஷன், 2020 மாடல் கேம்ரி எல்லாம் இந்தக் கூட்டம்தான். மூணாவது வகைய அடுத்த கேள்விலயே ஒருத்தர் கேட்டிருக்காரு.

2025 கேம்ரில பின்னாடிக்குப் பவர் கொண்டு போற இரும்புத் தண்டு, அந்த ஷாஃப்ட்டே போகலையாமே, அது நிஜமான ஆல் வீலா?

நாலு சக்கரமும் இழுத்தா அது ஆல் வீல்தான். முன்னாடி எஞ்சினும் மோட்டாரும், பின் ஆக்சில்ல தனியா ஒரு சின்ன மோட்டார், நடுவுல இரும்புத் தொடர்பே கிடையாது. சிக்னல்ல இருந்து கிளம்பும்போதும் ஈரமான சரிவுல ஏறும்போதும் பின்னாடி இருந்து ஒரு கை தள்ளிவிடுற மாதிரி உதவும். ஆழமான மண்ணுல சிக்கி மணிக்கணக்கா போராட அது செஞ்சது இல்ல, குடும்ப வண்டிக்கு அந்த வேலையும் வராது. பவர பின்னாடிக்குப் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்ல, ஷாஃப்ட் இல்ல, அதுக்கான ஆயில் வேலையும் இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு.

மைலேஜ் எவ்ளோ அடிபடும்?

ஷாஃப்ட் இருக்குற வண்டின்னா 10 சதவீதம்னு வச்சுக்கங்க. 2020 கேம்ரில எல்இங்கிற ரகம், முன் சக்கர வண்டி அமெரிக்க அரசு கணக்குப்படி லிட்டருக்கு சுமார் 13.5 கி.மீ., அதே வண்டி ஆல் வீல்ல 12 சொச்சம். 2025 மாடல் கேம்ரி ஹைப்ரிட் எல்இல வித்தியாசம் அரை கிலோமீட்டர்கூட இல்ல. மைலேஜ்தான் கவலைன்னா அந்தப் பக்கம் போங்க.

முன்னாடி ரெண்டு டயர் மட்டும் தேஞ்சிருந்துச்சு, அத மட்டும் புதுசா மாத்தினேன், பின்னாடி ரெண்டும் இன்னும் பாதி பட்டன் இருக்கு. இப்ப டேஷ்போர்டுல ஆல் வீல் வார்னிங் லைட் அடிக்கடி எரியுது. சென்சார் கோளாறா?

சென்சார் இல்லைங்க, உங்க சிக்கனம்தான் கோளாறு. இந்த ஒரு விஷயத்த எத்தன தடவை எழுதினாலும் மறுபடி ஒருத்தர் இதே கதையோட வந்து நிக்கிறாங்க, டயர் கடையிலயும் "ரெண்டு போதும் சார்"னு சொல்லி அனுப்பிடுறாங்க, முன் சக்கர வண்டிக்குச் சொல்ற பழக்கத்துல ஆல் வீலுக்கும் அதையே சொல்லிடுறாங்க, வாங்கிட்டுப் போறவருக்கு அடுத்த வருஷம் கப்ளிங் மாத்துற பில் வரும்போதுதான் தெரியும்.

கணக்கப் பாருங்க. புது டயர்ல பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ., உங்க பாதி தேஞ்ச டயர்ல 4 மி.மீ. ஆரத்துல 4 மி.மீ. குறைஞ்சா சுற்றளவுல 25 மி.மீ. குறையும். செடான் டயரோட சுற்றளவு ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதாவது கிலோமீட்டருக்கு 475 சுத்து வாக்குல. இப்ப தேஞ்ச டயர் அதே தூரத்துக்கு 6 சுத்து கூட சுத்தியாகணும். ஒரு கிலோமீட்டருக்கு 6, நூறு கிலோமீட்டர் போனா 600. இந்த 600 சுத்தையும் நடுவுல இருக்குற கிளட்ச் வழுக்கி வழுக்கி முழுங்கணும். நீங்க நேரான ரோட்டுல பாட்டு கேட்டுக்கிட்டுப் போறீங்க, கம்ப்யூட்டர் மட்டும் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற வேகத்துல ஓடுதேன்னு பார்த்து, ஏதோ வழுக்குதுன்னு நினைச்சு கிளட்ச இறுக்குது, கிளட்ச் சூடாகுது, சூடு எல்லை தாண்டினதும் ஆல் வீல ஆஃப் பண்ணிட்டு லைட்டப் போடுது. உங்களுக்கு வந்த லைட் இப்படி வந்ததாத்தான் இருக்கும்.

சுபரு சொல்ற அளவு என்ன தெரியுமா? நாலு டயர் சுற்றளவுக்குள்ள கால் இஞ்ச், அதாவது சுமார் 6 மி.மீ. வித்தியாசம்தான் இருக்கலாம். பட்டன் ஆழத்துல பார்த்தா வெறும் 1 மி.மீ. உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு போட்டிருக்கலாம், அதப் பாருங்க, ஆனா 4 மி.மீ.ய ஏத்துக்கிற மேனுவல நான் பார்த்ததில்ல.

இப்ப என்ன பண்ணலாம்? பின்னாடியும் ரெண்டு புதுசு போடுங்க. பழைய ரெண்டையும் முன் சக்கர வண்டி வச்சிருக்குற யாருக்காவது வித்துடுங்க. ஒத்த டயர் மட்டும் வெடிச்சு மத்த மூணும் முக்கால்வாசி நல்லா இருந்தா, புது டயரோட பட்டன சீவி மத்ததுக்குச் சமமா கொண்டு வர்ற கடைங்க உண்டு, விசாரிங்க. 8,000 - 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்ன பின்ன மாத்திப் போட்டுட்டே இருந்தா நாலும் ஒண்ணா தேயும், ஒண்ணா மாத்தலாம், இந்தப் பிரச்சினையே வராது. ஸ்டெப்னி சின்ன சைஸ்னா பஞ்சர் கடை வரைக்கும்தான், அதுவும் மெதுவா. ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே சைஸ், ஒரே தேய்மானம், நாலும். எழுதி கிளவ் பாக்ஸ்ல ஒட்டி வச்சுக்கங்க.

பனி விழுற ஊருக்கு மாறுறோம். ஆல் வீல் எடுத்தா பனி டயர் செலவு மிச்சம்தானே?

இழுக்குறது வேற, நிறுத்துறது வேற. ஆல் வீல் வண்டியக் கிளப்பும், பிரேக் போடும்போது அதுக்கு வேலையே இல்ல, பிரேக் எல்லா வண்டிலயும் நாலு சக்கரத்துலதான் பிடிக்குது, பிடிப்பு டயர்லதான் இருக்கு. 7 டிகிரிக்குக் கீழ போனா சாதாரண டயர் ரப்பர் இறுகிடும். டயர் பக்கவாட்டுல மூணு சிகரம் இருக்குற மலை, அதுக்குள்ள ஒரு பனித்துகள், இந்தப் படம் இருக்கான்னு பாருங்க, அது சோதனைல தேறின டயர். வெறும் எம் ப்ளஸ் எஸ்னு (சேறும் பனியும்னு அர்த்தம்) எழுத்து மட்டும் இருந்தா கம்பெனி தானா போட்டுக்கிட்டது. நாலுக்கும் போடணும், ரெண்டுக்கு இல்ல, ஏன்னு மேல படிங்க.

டெஸ்ட் டிரைவ்ல ஆல் வீல எப்படி சோதிக்கிறது? சேல்ஸ்மேன் நேர் ரோட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுறாரு.

நேர் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. காலியான பார்க்கிங்ல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு, ஆக்ஸிலரேட்டர் லேசா தொட்டு, நடக்குற வேகத்துல ரெண்டு வட்டம் போடுங்க, இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு. கண்ணாடிய இறக்கி வச்சுக்கங்க. டயர் முனகாம, வண்டி உதறாம, யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி இல்லாம சுத்தணும். அப்புறம் ஈரமான சரிவு ஒண்ணு கிடைச்சா பாதில நிறுத்தி கிளம்புங்க, முன் சக்கரம் ஒரு சுத்து வெறுமனே சுத்திட்டு அப்புறம் பிடிக்குதா, இல்ல எடுத்த உடனே பிடிக்குதான்னு கவனிங்க.

அப்புறம் பின் சீட்டு. வீட்டுல உள்ளவங்கள கூட்டிட்டுப் போங்க. பின்னாடிக்கு ஷாஃப்ட் போற வண்டில நடுவுல தரை மேடு எழும்பி இருக்கும், நடுவுல உக்கார்றவங்க ரெண்டு பக்கமும் கால அகட்டி வச்சு உக்காரணும், பத்து நிமிஷம் அப்படி உக்கார வச்சுப் பாருங்க. டிக்கி தரையையும் தூக்கிப் பாருங்க, பின் சக்கரம் ரெண்டுக்கும் பவரப் பிரிச்சுக் கொடுக்குற டிஃபரென்ஷியலுக்கு இடம் விட்டதுல ஸ்டெப்னிக்குப் பதிலா காத்தடிக்கிற கிட் மட்டும் வச்சிருக்கலாம்.

1 லட்சம் கி.மீ. ஓடின ஆல் வீல் செடான் மலிவா வருது. எடுக்கலாமா?

மூணு ஆயில் மாத்தின பில்லக் காட்டச் சொல்லுங்க: டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் டிஃபரென்ஷியல், கப்ளிங். சில வண்டில ரெண்டு ஒரே ஆயில்ல ஓடும், மேனுவலப் பாருங்க. "அதெல்லாம் லைஃப்டைம் ஆயில்"னு பதில் வந்தா விலையக் குறைங்க, இல்ல விட்டுட்டு வாங்க.

நானே ஒரு தடவை எங்க வீட்டுக்கு இப்படி ஒண்ணு எடுத்தேன். சர்வீஸ் புக்ல எல்லா முத்திரையும் இருந்துச்சு, சர்வீஸ் பண்ண இடத்துல கேட்டப்பவும் எல்லாம் சரியா இருக்குன்னாங்க. வீட்டு வாசல்ல ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது மட்டும் பின்னாடி இருந்து தட் தட்னு ஒரு உதறல். மேடை மேல ஏத்தி கப்ளிங் ஆயில இறக்கினோம், தேன் நிறத்துல வரவேண்டியது மை மாதிரி கருப்பா, கருகின வாடையோட வந்துச்சு, கப்ளிங்குக்குள்ள ஆயில அழுத்துற பம்ப்பக் கழட்டினா அதோட சல்லடை முழுக்க சாம்பல் நிறத்துல களிம்பு அப்பியிருக்கு. விரல்ல தேய்ச்சா ஈயம் தேய்ச்ச மாதிரி மினுங்குது, கிளட்ச் தேஞ்ச தூள். ஒரு தடவைகூட அந்த ஆயில மாத்தல. நல்லவேளை பம்ப் எரியல, கழுவிப் புது ஆயில் போட்டதும் உதறல் நின்னுச்சு. அதனாலதான் முத்திரைய நம்பாதீங்க, பில்லப் பாருங்கன்னு சொல்றேன்.

நாலு டயரையும் அப்பவே பாருங்க. நாலு பிராண்ட் போட்டிருந்தா அந்த ஆள் வண்டிய எப்படி வச்சிருந்தார்னு வேற சாட்சி வேணாம்.

ஆல் வீல் இருக்கே, தேங்கின தண்ணில தைரியமா போகலாமா?

போகாதீங்க. தண்ணி எஞ்சின் காத்து இழுக்குற வாய்க்குள்ள போனா எஞ்சின் போச்சு. செடான்ல அந்த வாய் ஒண்ணும் உசரத்துல இல்ல.

வழில நின்னு போச்சுன்னா முன் சக்கரத்தத் தூக்கிக் கட்டி இழுக்கலாமா?

கூடாது. நாலு சக்கரமும் தரையத் தொடாம, தட்டையான லாரி மேல ஏத்தித்தான் கொண்டு போகணும். ஃபோன் பண்ணும்போதே ஆல் வீல் வண்டின்னு சொல்லிடுங்க, இல்லைன்னா கொக்கி வண்டியத்தான் அனுப்புவாங்க.