கொப்புளம் இருக்கிறது, வலி எங்கே?

கேள்வி: எனக்கு வயது 66. பதினொரு வருடமாகச் சர்க்கரை நோய். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, 9.2. மெட்ஃபார்மினும் இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு மாடியறையில் நீலகிரி மலை ரயிலை எச்ஓ அளவில், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு மாதிரியாக, கட்டிவருகிறேன். ஒரு வருடமாக வேலை செய்யும்போது இரண்டு கைகளும் நடுங்குகின்றன. ஒரு பெட்டியைத் தண்டவாளத்தில் வைக்க ஐந்தாறு முறை முயல வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கும் கை நடுங்கும். இணையத்தில் தேடினால் பார்கின்சன் என்று வருகிறது. முழங்கால் வலியால் மேசைக்கு அடியில் நுழைந்து வயர் இணைக்க முடியவில்லை. தினமும் இரவில் வெந்நீரில் கால் வைத்துக்கொள்கிறேன். மருந்துக்கடையில் கொடுத்த நரம்புச் சத்து மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். ஈயப் புகையால் நரம்பு கெடுமா? போன வாரம் ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளம். சால்டரிங் அயர்ன் பட்டிருக்க வேண்டும், எப்போது என்று தெரியவில்லை. மகன் எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்கிறான். விட்டுவிட வேண்டியதுதானா?

— வாசகர், கோவை

பதில்:

விட வேண்டாம், ஐயா. ரயிலை மூட்டை கட்டச் சொல்லும் நோய் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இதை உங்கள் மகனிடமும் காட்டுங்கள். ஆனால் கடிதம் முழுக்க நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, கொப்புளத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது கொப்புளத்தைப் பற்றிய அந்த வரியைத்தான்.

முதலில் நடுக்கத்தை முடித்துவிடுவோம். பார்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வரும். மடியில் கிடக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடும். ஒரு பக்கத்தில் தொடங்கும். கூடவே நடை மந்தமாகும், கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும். உங்கள் கையெழுத்து கோணியிருக்கிறது, உண்மை. ஆனால் முதல் வரியில் இருந்த அளவு கடைசி வரி வரை குறையவே இல்லை. இரண்டு கையிலும், வேலை செய்யும்போது மட்டும், அப்பாவுக்கும் இருந்த நடுக்கம் என்றால், அது பெரும்பாலும் குடும்பத்தில் வரும் சாதாரணச் செயல்நடுக்கம். நேரில் பார்க்கும் மருத்துவர் அதை உறுதிசெய்வார், கூடவே தைராய்டையும் பார்த்துவிடுவார். தொந்தரவு மிஞ்சினால் மருந்து உண்டு. ஆனால் அதை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் அது மறைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் அந்த இன்னொரு மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய வகையாக இருக்கலாம். வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிப்போடும் ஆளாக நீங்கள் இருந்து, நடுக்கத்தோடு வியர்வையும் வந்தால், அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பார்கின்சனைத் தேடிய நேரத்தில் இதைச் சோதித்திருக்கலாம்.

இனி கொப்புளம்.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். அதை உருக்கும் அயர்னின் முனை 300 டிகிரிக்கும் மேலே இருக்கும். அது தோலில் பட்டால், சுட்டது என்று மனம் உணர்வதற்கு முன்பே தண்டுவடம் கையை இழுத்துவிட வேண்டும். உடலின் மிகப் பழைய காவல் அது. உங்கள் விரல் இழுத்துக்கொள்ளவில்லை. கொப்புளம் எழும் அளவுக்கு அங்கேயே இருந்திருக்கிறது. நீங்கள் தெரியவில்லை என்று எழுதியதுதான் நோயின் அடையாளம். வலித்த கொப்புளமாக இருந்திருந்தால், கையைத் தண்ணீரில் காட்டுங்கள் என்று சொல்லி அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன்.

நீண்ட தண்டவாளத்துக்கு ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயர் இணைத்த இடத்தில் ஓடும் ரயில், தொலைவான முனையில் தள்ளாடும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் முதலில் மிக நீளமான நரம்புகளைத்தான் கெடுக்கும். உடம்பில் மிக நீளமான நரம்பு கால்விரலுக்குப் போவது. கை மரத்துப்போகும் கட்டத்துக்குள் கால் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போயிருக்கும். உங்கள் விரல் கொப்புளித்திருக்கிறது என்றால், எனக்குப் பார்க்க வேண்டியது உங்கள் பாதத்தை. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் தங்கிவிடுகிறதா? தரை பஞ்சுபோல இருக்கிறதா? இருட்டில் தடுமாறுகிறீர்களா? இவற்றைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. எத்தனையோ பேர் கேட்கும்வரை சொல்வதே இல்லை.

என்னிடம் வந்த ஒரு தையல்காரர் சளிக்கு மருந்து கேட்டுத்தான் வந்தார். நடையில் ஏதோ சரியில்லை என்று காலைக் காட்டச் சொன்னேன். உள்ளங்காலில் கடுகளவு ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் லேசான சிவப்பு. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே அரை அங்குல ஊசி. ஒடிந்த ஊசியை மிதித்து நான்கு நாட்களாக நடந்திருக்கிறார், வலி தெரியவில்லை. நல்லவேளையாக எலும்புக்குச் சீழ் போகவில்லை.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரை இங்கே சொல்லியாக வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தவர். நோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிய காலத்தில், அப்படியில்லை, வலி தெரியாததால் அவர்கள் தங்கள் விரல்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள், கவனிக்காமல் விட்ட அந்தக் காயங்கள்தான் விரல்களைக் கொண்டுபோகின்றன என்று அவர் கண்டு சொன்னார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் இதே கதைதான். இன்று நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு தொழுநோயாளிகளின் பாதங்களுக்காக உருவானது. உங்களைப் பார்க்கும் மருத்துவர் முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்து, தோலில் நிறம் மங்கிய திட்டு உண்டா என்று தேடினால் பதறாதீர்கள். உணர்ச்சியற்ற கை என்றால் தொழுநோயையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது முறை. அது முழுமையாகக் குணமாகும் நோய், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

பாதப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலான் இழையை, அது வளையும்வரை உள்ளங்காலில் அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, பட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். கட்டைவிரல் முதல் மூன்று விரல்கள் மட்டும் மரத்து, இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் அதையும் சொல்லுங்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

விரலில் சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, சீழோ கருமையோ வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரம் தாண்டக் கூடாது. கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். பற்பசை, மஞ்சள், மை எதையும் பூசாதீர்கள்.

அந்த நரம்புச் சத்து மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். எட்டு மாதம்! யார் சோதித்தார்கள், எந்தக் குறைவுக்குக் கொடுத்தார்கள்? இத்தகைய கலவைகள் பலவற்றில் பி6 இருக்கும். அதை அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கைகாலை மரக்கச் செய்யும். நரம்புக்குச் சத்து என்று வாங்கிய மாத்திரையே மரப்பைக் கூட்டியிருக்கலாம். மறுபக்கம், நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறைவது உண்டு. அதை ரத்தத்தில் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரையால் அளவு மாறித் தெரியக்கூடும் என்பதால், சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வெந்நீரில் கால் வைப்பதையும் நிறுத்துங்கள். உணர்ச்சி குறைந்த பாதம் சூட்டை அளக்காது. காலையில் தோல் உரிந்தபின்தான் கொதித்த நீர் என்று தெரியவரும். நட்டநடு வெயிலில் கோவில் பிராகாரத்தைச் சுற்றிவந்து உள்ளங்கால் வெந்தவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். முழங்காலுக்கு வேண்டுமானால் துணி ஒத்தடம் கொடுங்கள், சூட்டை வீட்டில் வேறு யாராவது தொட்டுப் பார்த்த பிறகு. அதைவிடத் தொடைத் தசைக்குப் பயிற்சி நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள்.

ஈயப் புகையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. நீங்கள் பார்க்கும் புகை, பற்று ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பசைப்பொருள் (ஃபிளக்ஸ்) எரிவது, ஆஸ்துமா இருந்தால் அது இழுப்பைக் கிளப்பும். ஈயம் உள்ளே போவது கை வழியாக வாய்க்கு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள். அவ்வளவுதான்.

இனி உங்கள் ரயில். இதை நீங்கள் தொடர வேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன். ஓய்வு பெற்றபின் தொலைக்காட்சி முன் உறைந்துபோகும் ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன். விரலுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் ஒருசேர வேலை தரும் காரியம் கையில் இருப்பது பெரிய பேறு.

உணர்ச்சி சோதிக்கப்படும்வரை அயர்னைத் தொடாதீர்கள். குறைவு உறுதியானால் அதன்பிறகும் தொட வேண்டாம். திருகி இறுக்கும் முனைகளும், நெம்பி மூடும் இணைப்பிகளும் வந்துவிட்டன. அவற்றிலும் அடங்காத இணைப்புகளைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை மகனைப் பற்றுவைத்துத் தரச் சொல்லுங்கள். மூட்டை கட்டச் சொன்னவர் அந்த உதவியைச் செய்யட்டும்.

மேசைக்கு அடியில் நுழையவே வேண்டாம். பலகையை நான்கடித் துண்டுகளாகப் பிரித்துத் திருகாணியால் பூட்டுங்கள். வேண்டிய துண்டைக் கழற்றி, இருவராகப் பிடித்து மேசைமேல் பக்கவாட்டில் நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து வயர் இணைக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். முழுப் பாதையும் எந்த மாடியறைக்கும் அடங்காது. ஹில்குரோவ் நிலையத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடம், சுற்றிலும் காடு, நடுவில் பற்சட்டம் பதித்த தண்டவாளம். உட்கார்ந்த நிலையில் நெஞ்சு உயரத்தில் சுவரோரப் பலகையாக அமைத்தால், குனியவும் வேண்டாம், மண்டியிடவும் வேண்டாம்.

பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்கென்றே சரிவான பிளாஸ்டிக் தகடு விற்கிறார்கள். அதில் வைத்துத் தள்ளினால் சக்கரம் தானே தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெட்டிகளைப் பிரிக்கக் காந்தத்தால் விடுபடும் கொக்கிகள் இருக்கின்றன, விரல் பட வேண்டியதே இல்லை. அழுத்தினால் திறந்து, விட்டால் தானே இறுகும் இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது முன்கை முழுவதையும் மேசையில் ஊன்றுங்கள். தொங்கும் கைதான் அதிகம் நடுங்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய கவலை அந்த அறையின் தரை. வெட்டும்போது தெறிக்கும் தண்டவாளத் துணுக்கு, ஆணி ஊசி, வயர் நுனி எல்லாம் அங்கேதான் விழுகின்றன, நீங்களோ வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவராகத்தான் இருப்பீர்கள். காந்தத்தை ஓட்டிச் சுத்தம் செய்கிறேன் என்று நம்பிவிடாதீர்கள். இரும்பு ஊசியைத்தான் அது பிடிக்கும். உங்கள் தண்டவாளம் நிக்கல் சில்வராக இருந்தால், அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், காந்தத்தில் ஒட்டாது. மேசைக்கடியில் வெள்ளை விரிப்பு போட்டு, தினமும் கூட்டி அள்ளுங்கள். அந்த அறைக்கென்று பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு ஒன்று வைத்து, உள்ளே கையை விட்டுப் பார்க்காமல், தட்டி உதறிவிட்டுப் போடுங்கள். உங்கள் கையை இப்போது நம்ப முடியாது. உள்ளே வெள்ளைக் காலுறை அணியுங்கள், ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் காட்டிக்கொடுக்கும். இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது உங்கள் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

9.2 இருக்கும்வரை இந்த ஏற்பாடு எதுவும் நரம்பைக் காக்காது. அதை இறக்குவதற்கு மருந்தை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது அந்த நரம்பு மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விரலை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதத் தொடங்கினால், நீங்களே செருப்பைக் கழற்றிப் பாதத்தை அவர் முன்னால் நீட்டுங்கள்.