மொட்டை டயர் மழையில் வழுக்குமா?

கேள்வி: பெங்களூரில் அல்சூரிலிருந்து டொம்ளூருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வழி முழுக்கத் தார் ரோடுதான். வண்டி எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்), டயர் 26×1.95, ரப்பர் குமிழ்கள் துருத்திய பட்டன் வகை. தேய்ந்துபோனதால் இரண்டையும் மாற்றப் போகிறேன். கடைக்காரர், "பட்டன் இருந்தாத்தான் சார் மழையில கிரிப்பு" என்கிறார். உடன் வேலை பார்ப்பவரோ, டிசைனே இல்லாத ஸ்லிக் டயர் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— அல்சூர் வாசகர்

பதில்: உடன் வேலை பார்ப்பவர் பேச்சை. தார் ரோட்டில் பிடி கொடுப்பது டயரின் பட்டன் அல்ல. தாருக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லிதான். சக்கரத்தில் உங்கள் எடை இறங்கும்போது ரப்பர் அந்த ஜல்லியின் மேடு பள்ளங்களில் அமுங்கி உட்கார்கிறது. எவ்வளவு ரப்பர் அப்படி உட்காருகிறதோ, ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ, அந்த அளவுக்குப் பிடி. பட்டன் டயரில் ரோட்டைத் தொடுவது பட்டன்களின் தலை மட்டும். இடையில் இருப்பதெல்லாம் காற்று. போதாததற்கு, பிரேக் பிடித்தாலோ வளைவில் சாய்த்தாலோ நாலைந்து மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் பட்டன்கள் வளைந்து நெளியும். நடுவரிசையிலிருந்து ஓர வரிசைக்குச் சாய்வு மாறும் இடத்தில் பல டயர்களில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதுவரை பிடித்துக்கொண்டிருந்த டயர் திடீரென்று விட்டுவிடுவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்லிக் டயரில் இந்தச் சிக்கல் இல்லை. ரோட்டில் போகும்போது 'ஊம்ம்' என்று வரும் சத்தமும் நின்றுவிடும், மிதிப்பதும் லேசாகும்.

பட்டன் மண்ணுக்காகச் செய்யப்பட்டது. மண் இளகும் பொருள் என்பதால் பட்டன் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தாருக்குள் இறங்க வழியே இல்லை.

வாங்கும்போது 26×1.5 அல்லது 26×1.75 கேளுங்கள். ஆனால் '26' என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டயரின் பக்கச்சுவரில் 40-559, 47-559 என்று இன்னொரு எண் இருக்கும். கடைசியில் உள்ள 559 உங்கள் ரிம்முக்குரியது. பழைய மாடல் சைக்கிள்களுக்கான 26×1⅜ டயரில் 590 என்றிருக்கும். அதுவும் '26'தான், ஆனால் உங்கள் ரிம்மில் நிற்காது. டியூப் மேல் அச்சிட்டிருக்கும் அகலத்தையும் பாருங்கள். 1.75–2.125 என்று போட்ட உங்கள் பழைய டியூப் 1.75 டயருக்குச் சரி. 1.5 டயருக்குள் அது மடிந்துபோய், மடிப்பிலேயே பஞ்சராகலாம். 1.5 எடுத்தால் புது டியூபும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கார் டயரில் வரிப்பள்ளம் தேய்ந்தால் மழையில் வழுக்கும், மாற்று என்கிறார்கள். சைக்கிளுக்கு மட்டும் தண்ணீர் வெளியேற வழி வேண்டாமா?
— கே.ஆர். புரம் வாசகி

பதில்: நியாயமான சந்தேகம். கணக்கோடு பார்த்துவிடலாம். 1,200 கிலோ காரில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ. 33 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ; ஆக ரோட்டைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். அதன் முன்விளிம்பு அகலமாக, தட்டையாக இருக்கும். எதிரே வரும் தண்ணீர் பக்கவாட்டில் ஓட நேரமில்லாமல் டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தூக்கிவிடுகிறது. அதை வெளியேற்றத்தான் வரிப்பள்ளம்.

சைக்கிளுக்கு வாருங்கள். ஆளும் வண்டியும் சேர்த்து 95 கிலோ, பின்சக்கரத்தில் 52 கிலோ, காற்று 50 பி.எஸ்.ஐ. என்று வையுங்கள். தொடும் பரப்பு 15 சதுர சென்டிமீட்டர்தான். வடிவமும் படகு மாதிரி, முன்னால் குறுகலாக இருப்பதால் தண்ணீர் இரண்டு பக்கமும் தானே பிரிந்துபோகிறது. விமான டயர்களை வைத்து நாசா 1960களில் கண்ட ஒரு விதி உண்டு: தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 50 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 118 கி.மீ., 40க்கு சுமார் 105. நந்தி மலையில் இறங்கும்போது கூட அந்த வேகம் வராது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு பக்கம் சொல்லவே வேண்டாம்.

இதற்காக ஈர ரோடு காய்ந்த ரோடு போலப் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரத்தில் பிடி குறையும். டிசைன் போட்டாலும் குறையும், போடாவிட்டாலும் குறையும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் காய்ந்த ரோட்டில் சுமார் 32 கி.மீ. வேகம் வரை டயர் தாங்குகிறது என்றால், பிடி பாதியாகும் இடத்தில் 22 கி.மீ.தான். அதாவது வேகத்தில் சுமார் 30 சதவீதத்தைக் குறைக்க வேண்டும். வழுக்கும் எல்லையில் பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ இரட்டிப்பாகும்.

கேள்வி: டயர் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் மழை நாளில் கப்பன் பார்க் பக்கம் இரண்டு முறை வழுக்கிவிட்டது. டயரை மாற்ற வேண்டுமா?
— சிவாஜிநகர் வாசகர்

பதில்: முதலில் வழுக்கியது டயரா என்று பாருங்கள். சக்கரம் சுற்றாமல் நின்று வண்டி சறுக்கிக்கொண்டு போயிருந்தால் டயர் பிடியை விட்டிருக்கிறது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் குறை பிரேக்கில். ரிம் பிரேக் கட்டைகள் நனைந்த ரிம்மிலிருந்து தண்ணீரை வழித்தெடுக்கவே ஓரிரு சுற்று ஆகும். அதனால் மழையில் சிக்னலுக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்துங்கள்.

டயர்தான் வழுக்கியது என்றால், அடியில் என்ன இருந்தது? அந்தப் பக்கம் டபேபுயா மரங்கள் பூத்துக் கொட்டும் காலத்தில் ஒரு தூறல் போட்டால் போதும், இதழ்கள் நசுங்கிக் குழம்பாகிவிடும். ஜீப்ரா கோட்டின் பெயின்ட், மேன்ஹோல் மூடி, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, சிக்னலில் ஆட்டோக்கள் சொட்டவிட்ட எண்ணெய் எல்லாமே இந்த வகைதான். ஏப்ரலில் வரும் முதல் கோடை மழையில், மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதக்கும். நன்றாக அடித்துப் பெய்து கழுவிவிடும் மழையைவிட அந்தத் தூறல் ஆபத்து. இவற்றில் எந்த டயரும் பிடிக்காது, விலை எவ்வளவு கொடுத்தாலும் சரி. வேகத்தை முன்பே குறைத்துவிட்டு, வண்டியை நேராக நிமிர்த்தி, பிரேக்கும் பிடிக்காமல் மிதிக்கவும் செய்யாமல் உருட்டிக் கடந்துவிடுங்கள். தகட்டின் விளிம்பைக் குறுக்காக வெட்டிக் கடக்க வேண்டும். அதற்கு இணையாகப் போனால் முன்சக்கரம் விளிம்போடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: எவ்வளவு காற்று அடிக்கலாம்? டயரில் 'மேக்ஸ் 65 பி.எஸ்.ஐ.' என்று இருக்கிறது. அந்த அளவே நல்லதா?
— ஜெயநகர் வாசகர்

பதில்: அது உச்சவரம்பு, பரிந்துரை அல்ல. கல்லு மாதிரி அடித்த டயர் கரடுமுரடான ரோட்டில் துள்ளும். காற்றில் இருக்கும் நேரத்தில் டயருக்கு ஏது பிடி? 65 முதல் 70 கிலோ எடையுள்ளவர் 26×1.95 டயருக்கு முன்னால் 35, பின்னால் 40 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். 26×1.5 ஸ்லிக் என்றால் 50, 55. 700×28 என்றால் 70, 78 அளவில். மழை நாளில் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் வளைவில் வண்டி மிதப்பது போலிருக்கும். குழியில் விழுந்தால் ரிம் டியூபைக் கடித்து, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

பழைய 'வால்வு டியூப்' வகை வால்வில் கேஜ் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அப்படியே காட்டாது. அதற்கு வேறு வழி: நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்டயர் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 38 மி.மீ. டயர் என்றால் 5 முதல் 6 மி.மீ. யாரையாவது ஸ்கேலோடு உட்காரவையுங்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் அடித்தால் விட்டு விட்டு அடிக்க வேண்டும். சைக்கிள் டியூப் சிறியது, சில நொடிகளில் அளவு தாண்டிவிடும்.

கேள்வி: மகனின் பள்ளிக்கூட சைக்கிளில் பின்டயர் மட்டும் மொட்டையாகிவிட்டது. டிசைன் முக்கியமில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாமா?
— மர்ஃபி டவுன் வாசகி

பதில்: ரப்பர் மழுமழுவென்று இருப்பதல்ல கவலை, மெலிந்து போயிருப்பதுதான். நடுவில் தட்டையாகி, வெட்டுக்காயங்கள் தெரிந்தால், அல்லது எங்காவது நூல் எட்டிப் பார்த்தால் உடனே கழற்றுங்கள். பக்கச்சுவரில் வெடிப்பு ஓடியிருந்தாலும் அப்படியே. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற டயரில் டிசைன் முழுசாக இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது. அது மொட்டை டயரைவிட மோசம்.

புது டயரை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான்.

கேள்வி: டயரில் அம்புக்குறி இருக்கிறது. மெக்கானிக் தலைகீழாக மாட்டிவிட்டார். ஆபத்தா?
— இந்திராநகர் வாசகர்

பதில்: தார் ரோட்டில் ஒன்றும் ஆகாது. துரஹள்ளி பக்கம் மண்பாதையில் பட்டன் டயரோடு போகிறவர் என்றால் திருப்பி மாட்டுங்கள். அங்கே பட்டனின் முகம் எந்தப் பக்கம் என்பது கணக்கில் வரும்.

கேள்வி: வாட்டர் வாஷ் கடையில் டயருக்குப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாகத் தருகிறார்கள். சைக்கிளுக்கும் போடலாமா?
— பனசங்கரி வாசகர்

பதில்: ரோட்டைத் தொடும் பகுதியில் ஒரு துளிகூட வேண்டாம். அந்தப் பாலிஷில் பெரும்பாலும் வழுக்கும் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, அலசி, உலரவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது பின்டயரிலும் ரிம்மிலும் சிதறியதையும் அதே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த பளபளப்பு கொஞ்சம் இருக்கும். முதல் சில நாள் வளைவில் அதிகம் சாய்க்காமல் ஓட்டினால் அது தானே தேய்ந்து போய்விடும்.