மூன்று மாதத்தில் பிளஸ் ஒன் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என் மகள் பிளஸ் ஒன்னில் கணிதம், உயிரியல் பிரிவில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 97 வாங்கினாள். அவள் பள்ளியில் ஆகஸ்டுக்குள் பிளஸ் ஒன் கணக்கை முடித்துவிட்டு, செப்டம்பரிலிருந்து பிளஸ் டூ பாடம் நடத்துகிறார்கள். பிளஸ் ஒன்னுக்கு இப்போது பொதுத்தேர்வு இல்லை, மிச்சமாகும் நேரம் பிளஸ் டூவுக்கும் ஜேஇஇ என்ற பொறியியல் நுழைவுத் தேர்வுக்கும் உதவும் என்கிறார்கள். வாரத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண்தான் எடுக்கிறாள். ஆனால் போன வாரம் ஓர் இரவில், “அப்பா, கணக்கைப் போடத் தெரிகிறது, எதற்குப் போடுகிறேன் என்று தெரியவில்லை” என்று அழுதாள். பள்ளியை மாற்ற வேண்டுமா? கணக்கு தெரியாத நான் அவளுக்கு என்ன செய்ய முடியும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்ன வரியைப் பலமுறை வாசித்தேன். இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கு நடத்தியிருக்கிறேன். போடத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தேன். உங்கள் மகளுக்கு அது போதவில்லை. அதற்காக அவளை மனம் திறந்து பாராட்டுங்கள்.

பள்ளி செய்வது தவறு. பிளஸ் ஒன்னை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் பெருகியதால்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. தேர்வுதான் போயிருக்கிறது, பாடம் அப்படியே இருக்கிறது.

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளையும் எடுத்துப் பொருளடக்கத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஆங்கில வழிப் புத்தகம் என்றால் மகளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மொத்தம் 12 பாடங்கள். முதல் பாடம் ‘அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்’. ஆறாவது, வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள். ஏழாவது, வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். ஒன்பதாவது, தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். ஐந்தாவதான பகுமுறை வடிவியலின் பெயருக்குப் பின்னால் இரண்டு என்று எண் போட்டிருக்கும், அதன் முதல் பகுதி பிளஸ் ஒன்னில் இருக்கிறது. பயன்பாடுகள் என்றால் எதன் பயன்பாடுகள்? பிளஸ் ஒன்னில் சொல்லிக்கொடுத்தவற்றின் பயன்பாடுகள். மூன்று மாதத்தில் ஓட்டிவிட்ட அந்தப் பாடங்கள் இல்லாமல் இந்தப் புத்தகத்துக்குள் நுழைகிறவள் ‘எதற்கு’ என்று கேட்காமல் இருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஜேஇஇ தேர்வைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. அந்தத் தேர்வின் பாடத்திட்டம் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தது. ஈருறுப்புத் தேற்றம், சேர்ப்பியல், நேர்க்கோடுகள், எல்லை எல்லாம் பிளஸ் ஒன் பாடங்கள்.

நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். மலையோரத்துப் பள்ளி ஒன்றுக்கு ஜனவரி மாதம் மாறுதலாகிப் போனேன். அதுவரை அங்கே கணக்குக்கு ஆசிரியர் இல்லை. தொகை நுண்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் ஆறு வாரத்தில் முடித்தேன். முடித்தேன் என்றால், வரக்கூடிய கணக்குகளைக் கரும்பலகையில் போட்டேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். தேர்ச்சி நன்றாக வந்தது, பாராட்டும் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்துத் தக்கலை பஸ் நிலையத்தில் அந்த வகுப்பு மாணவன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். பொறியியல் கல்லூரியில் முதல் பருவக் கணிதத்தில் இரண்டு முறை தோற்றிருந்தான். “தொகையீடு என்பது சின்னச் சின்னத் துண்டுகளைக் கூட்டுவது என்று அங்கே போய்த்தான் சார் தெரிந்துகொண்டேன்” என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்காதவன். கூட்டல் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

குறைந்த காலத்தில் கணக்கு படிக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். கலப்பு எண்களையும் தனிநிலைக் கணிதத்தையும் உங்கள் மகளைப் போன்ற பெண் ஒரு விடுமுறையில் படித்துவிடுவாள், அவை பிளஸ் ஒன்னை அதிகம் சார்ந்தவை அல்ல. சார்புகள், முக்கோணவியல், எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகிய ஐந்தில் மட்டும் அவசரம் கூடாது.

பள்ளியை இப்போது மாற்ற வேண்டாம். நடு ஆண்டில் மாறினால் புதிய இடத்தின் வேகத்தோடு இன்னொரு சண்டை தொடங்கும். பள்ளியில் நடப்பது நடக்கட்டும். வீட்டில் அந்த ஐந்து பிளஸ் ஒன் பாடங்களை முதல் பக்கத்திலிருந்து அவள் மறுபடி வாசிக்கட்டும். பயிற்சிக் கணக்குகளை விட்டுவிட்டு வரையறைகளையும் விளக்கங்களையும் எடுத்துக்காட்டுகளையும் மட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடையில் விட்ட நாளில் கொஞ்சம் மறக்கும், மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் பாடம் ஊன்றும். அரையாண்டு விடுமுறையையும் மே மாதத்தையும் சேர்த்தால் அடுத்த ஜூனுக்குள் ஐந்தும் கைக்குள் வந்துவிடும்.

கணக்கு தெரியாத நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களால்தான் முடியும் என்று நினைக்கிறேன். ஒரு விடுமுறை நாளில் அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்த பிறகுதானே ஒட்டுக்கன்று மரத்தில் கத்தி வைப்பீர்கள். அப்படி ஒரு மரத்தைக் காட்டி இதைக் கேளுங்கள்: “இந்த மரம் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பருத்தால், அதன் வெட்டுமுகத்தில் எவ்வளவு பரப்பு கூடும்?”

பிளஸ் டூவின் எட்டாவது பாடத்து முறையில் அவள் உடனே 5 சதுர செ.மீ. என்பாள். சரியான விடைதான். எப்படி என்று கேளுங்கள். வட்டத்தின் பரப்பை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால், அதாவது ஆரம் கூடக்கூடப் பரப்பு எந்த வீதத்தில் கூடுகிறது என்று கணக்கிட்டால், சுற்றளவு வரும், 50-ஐ 0.1-ஆல் பெருக்கினேன் என்பாள். பரப்பை வகையிட்டால் ஏன் சுற்றளவு வர வேண்டும் என்று அடுத்துக் கேளுங்கள். அவள் தயங்கினால் ஒரு கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி, அவிழ்த்துத் தரையில் நீட்டிப் போடுங்கள். புதிதாகச் சேர்ந்த மெல்லிய வளையத்தை அப்படி நிமிர்த்தினால் 50 செ.மீ. நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் உள்ள பட்டை. அதை அவளே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

பிறகு, வகையிடாமல் பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து சிறிய வட்டத்தின் பரப்பைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 5.03 வரும். அந்த 0.03 எங்கிருந்து வந்தது, மரம் ஒரு மில்லிமீட்டருக்குப் பதில் அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பருத்தால் அது என்ன ஆகும் என்று கேளுங்கள். அவசரமாக ஓட்டிய ‘எல்லை’ பாடம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அன்றே பதில் வர வேண்டும் என்று இல்லை, ஒரு வாரம்கூட ஆகட்டும்.

அவள் சொல்லும் பதிலை அவள் சொற்களிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்