இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் வழவழவென்று வெள்ளை படுவது நோயா?

கல்யாணமாகி ஆறு மாதம், ஒவ்வொரு மாதமும் நடுவில் இரண்டு மூன்று நாள் கண்ணாடி மாதிரி வெள்ளை படுகிறது, அரிப்போ வாடையோ இல்லை, மாமியார் சூடு என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நோயில்லை. கருமுட்டை வெளிவரும் நேரம் அது.

எனக்கும் இதேதான் நடந்தது. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். வெள்ளை பட்டால் எலும்பு உருகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். விடியற்காலையில் ஊறவைத்த வெந்தயமும் மோரும் கொடுப்பார். மூன்றாம் நாள் நின்றுவிடும். வெந்தயம்தான் கேட்டது என்று இரண்டு பேரும் நம்பினோம். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த நாட்களில் உடம்பு சரியில்லை என்று தனியாகப் படுத்துக்கொள்வேன். ஒன்றரை வருஷம் குழந்தை இல்லை.

அப்புறம் தஞ்சாவூரில் பார்த்த டாக்டரம்மா, "விரலில் எடுத்தால் நூலாக நீளுதா?" என்று கேட்டார். நீளும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி என்பார்கள். எங்கள் வீட்டில் முட்டை கிடையாது, எனக்கு நறுக்கிய வெண்டைக்காயில் இழுபடும் கோழைதான் ஞாபகம் வந்தது. கருமுட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடி, கருப்பை வாயில் சுரக்கும் நீர் இப்படி இளகுகிறதாம். விந்தணு நீந்திப் போக அதுதான் வழி. கருமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கூடும், நீர் கெட்டியாகி குறைந்துவிடும். வெந்தயம் இல்லாவிட்டாலும் அது நின்றிருக்கும்!

விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கோ ஒரு நாள்தான். அதனால் வழவழப்பு தொடங்கியதுமே சேர்ந்திருப்பது நல்லது. நான் விலகிப் படுத்த நாட்கள் சரியாக அவைதான் என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து பதினான்காம் நாள்தான் கருமுட்டை வரும் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். காலண்டரில் பென்சிலால் குறித்து வாருங்கள். குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்கள் மட்டும் இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம், தப்பிவிடும்.

தயிர்த் திப்பி மாதிரி பட்டு அரித்தாலோ, மீன் வாடை அடித்தாலோ, மஞ்சளாக, பச்சையாக நுரைத்தாலோ, அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்தாலோ அது வேறு. அப்போது வெந்தயத்தோடு நாளைக் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.